மனிதக் கல்லீரல் நொதிகளின் அமைப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டறிவது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லீரல் நொதி ஒன்றின் முப்பரிமாண அமைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரமும் கிடைக்கும், ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று பிடிபடவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புரதத்தைப் பிரித்தெடுப்பது, ஜெல் ஓட்டுவது போன்ற அடிப்படை வேலைகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நுண்ணோக்கி பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த முறையில் புரதக் கரைசலை மின்னல் வேகத்தில் உறையவைக்கிறோம். நீர் படிகமாக மாற நேரமே கிடைக்காது. கண்ணாடி போன்ற பனியாகிவிடும். அந்தப் பனிக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு திசையில் கிடக்கும். லட்சக்கணக்கான மூலக்கூறுகளின் படங்களை எடுத்து, கணினியில் ஒன்று சேர்த்து, முப்பரிமாண வரைபடம் உருவாக்குகிறோம். புரதப் படிகம் வளர்க்க வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. இந்த முறையை உருவாக்கியதற்காக ழாக் துபோஷே, ஜோகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹென்டர்சன் மூவருக்கும் 2017ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல வரைபடம் வருமா வராதா என்பது பெரும்பாலும் நுண்ணோக்கி அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சாம்பிள் சரியில்லை என்றால் விலை உயர்ந்த கருவி எதுவும் காப்பாற்றாது. அதனால் இந்தக் கட்டுரையில் கருவிக்குக் குறைவாகவும் சாம்பிளுக்கு அதிகமாகவும் இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த நொதியோடு தொடங்குவது?

புதிதாக வருபவர்கள் பலர் சைட்டோகுரோம் பி450 குடும்பத்தோடு தொடங்க ஆசைப்படுகிறார்கள். மருந்துகளைச் சிதைப்பதில் முக்கியப் பங்கு அவற்றுக்குத்தான், ஆசை நியாயமானதே. ஆனால் சிஒய்பி3ஏ4 நொதியின் எடை சுமார் 57 கிலோடால்டன்தான். அதோடு எண்டோபிளாஸ்மிக் வலையின் சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கும். எலக்ட்ரான் படத்தில் சிறிய புரதத்துக்கும் சுற்றியுள்ள பனிக்கும் வேறுபாடு மிகக் குறைவு. கணினி அதைச் சரியாக அடுக்கத் திணறும். 64 கிலோடால்டன் எடையுள்ள ஹீமோகுளோபினை 2017இல் தீர்த்தார்கள். அதற்கே தனி ஒளியியல் உத்தி தேவைப்பட்டது. முதல் முயற்சிக்கு இந்தப் பாதை வேண்டாம்.

பல துணை அலகுகள் சேர்ந்த, சமச்சீர் உள்ள பெரிய நொதியை எடுங்கள். கல்லீரல் இதில் தாராளமானது. குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸ் ஆறு அலகுகள் கொண்டது, மொத்தம் சுமார் 330 கிலோடால்டன். கேட்டலேஸ் நான்கு அலகுகள், சுமார் 240 கிலோடால்டன். குளூட்டமின் சிந்தடேஸ் ஐந்தைந்தாக இரண்டு வளையங்கள். ஆல்டிஹைடு டீஹைட்ரஜனேஸ் 2 நான்கு அலகுகள், 220 கிலோடால்டன் அளவில். சமச்சீர் இருந்தால் ஒரே துகளிலிருந்து பல அலகுகளின் தகவல் கிடைக்கும், அதாவது குறைந்த படங்களிலேயே நல்ல பிரிதிறன் (எவ்வளவு நுண்ணிய விவரம் தெரியும் என்பது) வரும். மாட்டுக் கல்லீரலின் குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸை 2016இலேயே 1.8 ஆங்ஸ்ட்ரம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ரம்) வரை தீர்த்துவிட்டார்கள். உங்கள் முதல் நொதி எது என்று என்னைக் கேட்டால், மனித வடிவத்தில் அதையே சொல்வேன்.

ஆர்ஜினேஸ் 1 மூன்று அலகுகள் சேர்ந்தும் 105 கிலோடால்டன்தான். ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் 80 அளவில் நிற்கும். இவை முடியாதவை அல்ல, இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பிள் எங்கிருந்து?

இரண்டு வழிகள். முதலாவது, மனித மரபணுவை ஈ.கோலை, பூச்சிச் செல் அல்லது ஹெச்இகே293 செல்லில் வைத்து நொதியை உற்பத்தி செய்வது. ஒரே புரதம், வேண்டிய அளவு, சுத்தம் செய்ய உதவும் வால் (tag) ஒன்றையும் அதில் ஒட்டிக்கொள்ளலாம். தொடங்குபவர்களுக்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது, மனிதக் கல்லீரல் திசுவிலிருந்தே எடுப்பது. கடினமான வழி, ஆனால் இதன் பலன் தனி. உடலுக்குள் அந்த நொதி எந்த நிலையில் இருந்ததோ, அதற்கு நெருக்கமான நிலையில் பார்க்கலாம். துணைக்காரணிகள், வேதிமாற்றங்கள், சில சமயம் கூட ஒட்டியிருக்கும் வேறு புரதம் எல்லாம் அப்படியே வரும். கேட்டலேஸ் தன்னோடு என்ஏடிபிஹெச் மூலக்கூறை இறுகப் பிடித்து வைத்திருக்கும் நொதி; பாக்டீரியாவில் தயாரித்ததில் அந்த இடம் நிரம்பியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

திசு வழியில் போவதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், திசு தந்தவரின் அல்லது குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் கையில் இருந்தாக வேண்டும். மனிதத் திசு எதுவாக இருந்தாலும் அதில் தொற்று இருக்கிறது என்று எண்ணியே கையாளுங்கள்: உயிரிப் பாதுகாப்பு நிலை 2 ஆய்வகம், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, இரட்டைக் கையுறை. இதில் சமரசம் கிடையாது.

திசுவை உடைத்துப் பிரித்தல்

கல்லீரலில் புரதம் அரிக்கும் நொதிகள் நிறைய உண்டு. திசுவை அரைத்த நொடியிலிருந்து அவை உங்கள் நொதியைத் தின்னத் தொடங்கும். எனவே எல்லாமே 4 டிகிரியில், புரோட்டியேஸ் தடுப்பான் கலந்த பஃபரில், வேகமாக. அரைப்பதற்கு முன் குளிர்ந்த பஃபரில் திசுவைப் பலமுறை அலசி இரத்தத்தை வெளியேற்றுங்கள். இல்லையென்றால் ஹீமோகுளோபின் கடைசிவரை கூடவே வரும்.

அடுத்து படிப்படியான மையவிலக்கு. புவியீர்ப்பைப் போல் 600 முதல் 1,000 மடங்கு விசையில் உட்கருவும் உடையாத செல்களும் அடியில் தங்கும். மேலே நிற்கும் திரவத்தை எடுத்து 10,000 மடங்கில் சுற்றினால் மைட்டோகாண்ட்ரியா கிடைக்கும்; குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸ், கார்பமாயில் பாஸ்பேட் சிந்தடேஸ் 1, ஆல்டிஹைடு டீஹைட்ரஜனேஸ் 2 எல்லாம் இங்கேதான். 1,00,000 மடங்கில் மைக்ரோசோம்கள் இறங்கும், சைட்டோகுரோம் பி450 இவற்றில் இருக்கும். கடைசியில் மிஞ்சும் தெளிந்த திரவத்தில் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ், ஆர்ஜினேஸ் போன்றவை. உங்கள் நொதி எங்கே குடியிருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்தால் பாதிக் கலப்படத்தை இந்த ஒரு நாளிலேயே ஒதுக்கிவிடலாம்.

பிறகு அயனிப் பரிமாற்றக் குழாய் (column), அதன்பின் அளவு வாரியாகப் பிரிக்கும் குழாய். 300 கிலோடால்டனை ஒட்டிய நொதிகளுக்குச் சூப்பரோஸ் 6 அல்லது சூப்பர்டெக்ஸ் 200 பொருந்தும். இந்தக் கடைசிக் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள். கூர்மையான, சமச்சீரான ஒற்றைச் சிகரம் வர வேண்டும். சிகரத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். ஓரங்களையும் சேர்த்துக்கொள்ளும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பஃபரைப் பற்றி ஒரு வார்த்தை. புரத வேதியியலில் கிளிசராலும் சுக்ரோஸும் நண்பர்கள், இங்கே எதிரிகள். அவை கரைசலின் அடர்த்தியைக் கூட்டி, புரதம் படத்தில் தெரியாமல் மங்கச் செய்யும். கடைசிக் குழாயில் கிளிசரால் இல்லாத, 100 முதல் 150 மில்லிமோலார் உப்பு மட்டும் உள்ள எளிய பஃபருக்கு மாற்றுங்கள்.

சரி, கிடைத்தது உங்கள் நொதிதானா? ஜெல்லில் சரியான இடத்தில் பட்டை இருந்தால் மட்டும் போதாது. நிறை நிறமாலைக்கு ஒரு பகுதியை அனுப்புங்கள். எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று அது தரும் பட்டியல் பின்னால் பலமுறை கைகொடுக்கும். நொதி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். டீஹைட்ரஜனேஸ் என்றால் 340 நானோமீட்டரில் என்ஏடிஹெச் ஏறுவதையோ இறங்குவதையோ அளக்கலாம். கேட்டலேஸ் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு துளி விட்டாலே நுரை பொங்கும். வேலை செய்யாத நொதியின் அழகான அமைப்பைக் கண்டுபிடித்து, அதை வைத்து அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதில் பொருளில்லை.

நெகட்டிவ் ஸ்டெயின்: ஒரு மணி நேரச் சோதனை

உறையவைப்பதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது இது. புரதத்தை 0.01 முதல் 0.05 மி.கி./மி.லி. வரை நீர்த்து, கார்பன் பூசிய கிரிட்டில் (சாம்பிளைத் தாங்கும் சிறு வலை) ஒரு துளி வைத்து, உறிஞ்சி எடுத்து, 1 முதல் 2 சதவீத யுரேனைல் அசிட்டேட் சேர்த்து உலரவிடுங்கள். 120 கிலோவோல்ட் நுண்ணோக்கி போதும். யுரேனைல் நச்சும் கதிரியக்கமும் உள்ள பொருள். கழிவைத் தனிக் குடுவையில் சேர்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியது: துகள்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கின்றனவா, உடைந்த துண்டுகள் கிடக்கின்றனவா. கல்லீரல் திசுவிலிருந்து எடுத்தவர்களுக்கு ஒரு குறிப்பு: 12 நானோமீட்டர் விட்டத்தில், நடுவில் கருமையான உருண்டைகள் தெரிந்தால் அது ஃபெரிட்டின். இரும்பைச் சேமித்து வைக்கும் இந்தப் புரதம் கல்லீரலில் ஏராளம், எளிதில் விட்டுப் போகாது. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, கணினியில் ஒதுக்கிவிடலாம்.

இங்கே படம் நன்றாக இல்லையென்றால் திரும்பிப் போய்ச் சுத்தம் செய்யும் முறையை மாற்றுங்கள். உறையவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி முன்னே போகாதீர்கள்.

உறையவைத்தல்

கிரிட் என்பது 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய உலோக வலை, மேலே ஓட்டைகள் உள்ள கார்பன் அல்லது தங்கப் படலம். 1.2 மைக்ரோமீட்டர் ஓட்டையும் 1.3 மைக்ரோமீட்டர் இடைவெளியும் உள்ளவற்றோடு தொடங்குங்கள். முதலில் குளோ டிஸ்சார்ஜ் செய்து படலத்தை நீர் ஒட்டும்படி ஆக்க வேண்டும். பிறகு வைட்ரோபாட் போன்ற கருவியில், 4 டிகிரி வெப்பநிலையில், 100 சதவீத ஈரப்பதத்தில், 3 மைக்ரோலிட்டர் சாம்பிளை வைத்து, வடிதாளால் சில நொடிகள் ஒற்றி எடுத்து, திரவ ஈத்தேனுக்குள் பாய்ச்ச வேண்டும்.

நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டால் என்ன என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். நைட்ரஜன் -196 டிகிரியில் கொதிக்கும் நிலையிலேயே இருக்கிறது. வெப்பமான கிரிட் பட்டவுடன் அதைச் சுற்றி ஆவிப்போர்வை உருவாகி, குளிர்தல் தாமதப்பட்டு, பனி படிகமாகிவிடும். ஈத்தேன் உருகுநிலை -183 டிகிரி, கொதிநிலை -89 டிகிரி. அந்த இடைவெளி இருப்பதால் ஆவியாகாமல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. உறைந்த பிறகு கிரிட் எப்போதும் -135 டிகிரிக்குக் கீழேயே இருக்க வேண்டும். காற்றில் ஒரு கணம் தூக்கிக் காட்டினாலும் வேலை கெட்டது.

ஈத்தேன் தீப்பற்றும். நைட்ரஜன் மூடிய அறையில் ஆக்சிஜனை விரட்டிவிடும். ஆக்சிஜன் அளவி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணாடியும் கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள். திரவ நைட்ரஜனை இறுக மூடிய பாத்திரத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். அழுத்தம் ஏறி வெடிக்கும்.

இனி இந்த வேலையின் உண்மையான தலைவலி. ஒற்றி எடுத்த பிறகு நீர்ப்படலத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். அதற்குள் நீந்தும் நொதி உறைவதற்குள் பலமுறை காற்று தொடும் பரப்பில் போய் முட்டும். முட்டியவை சில அவிழ்ந்துவிடும், சில ஒரே பக்கமாக ஒட்டிக்கொள்ளும். எல்லாத் துகள்களும் ஒரே முகத்தைக் காட்டினால் முப்பரிமாண வரைபடம் ஒரு திசையில் இழுத்துவிட்டதுபோல் வரும். வளைய வடிவ நொதிகள், உதாரணமாக குளூட்டமின் சிந்தடேஸ், மேலிருந்து பார்த்த வட்டமாகவே வந்துகொண்டிருந்தால் இதுதான் காரணம்.

தீர்வுகள் உண்டு. உறையவைப்பதற்குச் சற்று முன் மிகக் குறைந்த அளவு சாப்ஸோ அல்லது ஃபுளோரினேற்றிய டிடர்ஜென்ட் சேர்த்தால் பரப்பை அது பிடித்துக்கொள்ளும், நொதி உள்ளே நிற்கும். டிடர்ஜென்ட் சேர்த்தால் புரதச் செறிவைப் பல மடங்கு கூட்ட வேண்டியிருக்கும். கிராஃபீன் ஆக்சைடு படலத்தில் நொதியை ஒட்டவைப்பது இன்னொரு வழி. எதுவும் உதவாவிட்டால் படம் எடுக்கும்போது கிரிட்டை 30 டிகிரி சாய்த்து எடுக்கலாம். முதல் சுற்றில் 0.5, 1, 3 மி.கி./மி.லி. என மூன்று செறிவுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஒற்றும் நேரங்கள் என்று வைத்துக்கொண்டால் வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிடும்.

நுண்ணோக்கியில்

இந்தப் பகுதி சுருக்கமானது, ஏனென்றால் அங்கே உங்களோடு ஒரு நிபுணர் இருப்பார். 200 கிலோவோல்ட் கருவியில் கிரிட்களைச் சலித்து, நல்லதைத் தேர்ந்தெடுத்து, முடிந்தால் 300 கிலோவோல்ட் டைட்டன் கிரியோஸில் பெரிய தொகுப்பை எடுப்பது வழக்கம். நீங்கள் கவனிக்க வேண்டிய எண்கள் மூன்றுதான்: பிக்சல் 0.8 முதல் 1.1 ஆங்ஸ்ட்ரம், மொத்த எலக்ட்ரான் அளவு சதுர ஆங்ஸ்ட்ரமுக்கு 40 முதல் 60, டிஃபோகஸ் (குவியத்திலிருந்து வேண்டுமென்றே விலக்கும் அளவு) 0.8 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரை மாறி மாறி. பிக்சல் அளவின் இரண்டு மடங்குக்குக் கீழே பிரிதிறன் போகாது என்பதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு படமும் உண்மையில் பல சட்டங்கள் (frames) கொண்ட குறும்படம். எலக்ட்ரான் பட்டுத் துகள்கள் நகரும், அந்த நகர்வைப் பிறகு திருத்தலாம். ஒரு இரவில் சில ஆயிரம் குறும்படங்கள் சேரும். டெராபைட் கணக்கில் சேமிப்பிடம் தயாராக வைத்திருங்கள்.

கணினியில்

சொந்தத் தரவு வருவதற்கு முன்பே பயிற்சி எடுங்கள். எம்பியார் என்ற பொதுக் காப்பகத்தில் மூலப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ரிலையான் மென்பொருளின் பயிற்சிப் பாடம் பீட்டா-கேலக்டோசிடேஸ் தரவை வைத்து அமைந்தது, அதை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். கிரையோஸ்பார்க் இன்னொரு பரவலான மென்பொருள், தொடங்குவதற்கு அது சற்று எளிது.

வரிசை இப்படி: நகர்வைத் திருத்துதல், டிஃபோகஸ் கணித்தல், மோசமான படங்களை ஒதுக்குதல், துகள்களைப் பொறுக்குதல், இருபரிமாண வகைப்படுத்தல், தொடக்க முப்பரிமாண உரு, முப்பரிமாண வகைப்படுத்தல், கடைசியாக நுண்திருத்தம்.

துகள்களைப் பொறுக்கும்போது ஏற்கெனவே உள்ள அமைப்பை அச்சாக (template) கொடுக்க மனம் போகும். வேண்டாம். வெறும் இரைச்சலிலிருந்தும் நீங்கள் கொடுத்த உருவத்தையே கணினி திரட்டித் தந்துவிடும். ஐன்ஸ்டைன் படத்தை அச்சாகக் கொடுத்து இரைச்சலிலிருந்து அவர் முகத்தையே வரவழைத்துக் காட்டியிருக்கிறார்கள். முதலில் வெறும் வட்டத்தை வைத்துப் பொறுக்கி, கிடைத்த நல்ல இருபரிமாண வகைகளைக் கொண்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

இருபரிமாண வகைகளில் நேரம் செலவிடுங்கள். நொதிக்குள் ஆல்ஃபா சுருள்கள் கோடுகளாகத் தெரிய வேண்டும், பல கோணங்கள் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்று பயந்து மங்கலான வகைகளை வைத்துக்கொள்வதால் லாபம் இல்லை.

சமச்சீரை முதலிலேயே திணிக்காமல், எதுவும் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆறு அலகுகளும் ஒன்றுபோலத் தெரிந்தால் அப்புறம் சேர்க்கலாம். திசுவிலிருந்து வந்த நொதியில் ஒரு அலகில் மட்டும் வேறு மூலக்கூறு ஒட்டியிருக்கலாம். சமச்சீரைத் திணித்தால் அந்தத் தகவல் சராசரியில் கரைந்துவிடும்.

பிரிதிறனை அளக்கத் தரவை இரண்டு பாதியாகப் பிரித்து, தனித்தனியே வரைபடம் செய்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறோம். ஒப்புமை 0.143க்கு இறங்கும் இடம்தான் நீங்கள் சொல்லும் எண். அந்த எண்ணை மட்டும் நம்பாமல் கண்ணால் பாருங்கள். 4 ஆங்ஸ்ட்ரமில் சுருள்கள் தெளிவாகவும் பெரிய பக்கச் சங்கிலிகள் புடைப்பாகவும் தெரியும். 3இல் பெரும்பாலான பக்கச் சங்கிலிகள் தெரியும். 2ஐ நெருங்கினால் நீர் மூலக்கூறுகள் தெரியும். 3 என்று எண் வந்து, பக்கச் சங்கிலி தெரியவில்லை என்றால் எங்கோ பிழை.

இன்னொன்று, ஆல்ஃபா சுருள்கள் வலச்சுழியா என்று பாருங்கள். தொடக்க உரு கண்ணாடிப் பிம்பமாக வந்துவிடுவது சகஜம். ஒரு கட்டளையில் திருப்பிவிடலாம், ஆனால் கவனிக்காமல் அணுமாதிரி கட்டத் தொடங்கினால் நாள்கள் வீணாகும்.

கலவையாக இருந்தால்

திசு வழியில் வந்தவர்களுக்கு ஒரே கிரிட்டில் பல நொதிகள் இருப்பது இயல்பு. இதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே தரவிலிருந்து ஒவ்வொரு புரதத்துக்கும் முதலில் தோராயமான உருவைக் கட்டி, பிறகு அந்த உருவைக் கொண்டு அதற்குரிய துகள்களை முழுத் தரவிலிருந்தும் மீட்டெடுக்கும் முறையை 2021இல் வெளியிட்டார்கள். கல்லீரல் போன்ற நெரிசலான திசுவுக்கு மிகப் பொருத்தமான சிந்தனை இது என்பது என் கருத்து. ஒரு நொதியைத் தேடிப் போய் நான்கைக் கண்டுபிடிக்கலாம்.

வந்த வரைபடம் எந்தப் புரதம் என்று எப்படிச் சொல்வது? 3.5 ஆங்ஸ்ட்ரமை விட நன்றாக இருந்தால் மாடல்ஏஞ்சலோ போன்ற மென்பொருள் வரிசை தெரியாமலேயே சங்கிலியைக் கட்டி, ஒவ்வொரு இடத்திலும் எந்த அமினோ அமிலம் இருக்கக்கூடும் என்று ஊகிக்கும். அந்த ஊகத்தை மனிதப் புரதங்களின் தொகுப்போடு ஒப்பிட்டால் பெயர் வெளிப்படும். நிறை நிறமாலைப் பட்டியலிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சமச்சீர், எடை, துணைக்காரணி எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் அடையாளம் உறுதி.

அணுமாதிரி கட்டுதல்

ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் மனிதப் புரதங்களின் கணிப்பு அமைப்புகள் கிடைக்கும். அதை எடுத்து, கைமெராஎக்ஸில் வரைபடத்துக்குள் பொருத்தி, கூட் மென்பொருளில் கையால் திருத்தி, ஃபீனிக்ஸில் நுண்திருத்தம் செய்யுங்கள். கணிப்பு உங்களுக்குத் தொடக்கம் மட்டுமே. வரைபடத்தில் அடர்த்தி இல்லாத இடத்தில் கணிப்பு சொல்கிறதே என்று அணுக்களை வைக்காதீர்கள்.

கல்லீரல் நொதிகளில் அடிக்கடி குழப்பும் சில இடங்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் தொடக்க வரிசை உள்ளே நுழைந்தவுடன் வெட்டப்பட்டுவிடும். கார்பமாயில் பாஸ்பேட் சிந்தடேஸ் 1இல் முதல் 38 அமினோ அமிலங்கள் அப்படிப் போகின்றன, அவற்றைத் தேட வேண்டாம். ஆஸ்பார்ட்டேட், குளூட்டமேட் பக்கச் சங்கிலிகளின் நுனிகள் மங்கலாக இருந்தால் உடனே நெகிழ்வு என்று முடிவு கட்டாதீர்கள். எலக்ட்ரான் கதிரில் முதலில் சேதமாவது அவைதான். முதல் சில சட்டங்களை மட்டும் வைத்து வரைபடம் செய்தால் அவை திரும்பத் தெரியக்கூடும். ஆர்ஜினேஸில் மாங்கனீசைப் பிடித்திருப்பவற்றில் ஆஸ்பார்ட்டேட்கள் உண்டு, அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

விளக்கமில்லாத அடர்த்தி தெரிந்தால் முதலில் பஃபரில் என்ன இருந்தது என்று பாருங்கள். அது இல்லை என்றால் அந்த நொதியின் அறியப்பட்ட துணைக்காரணிகள். அதுவும் இல்லை என்றால் பெயர் சூட்டாமல் விடுங்கள். பிடித்த மருந்து மூலக்கூறை அதில் திணித்துப் பார்த்து, பொருந்துவதுபோல் இருக்கிறது என்று எழுதுவது இந்தத் துறைக்குச் செய்யும் கேடு.

அணுமாதிரி முழுவதும் ஒரே சீராகச் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றினால் பிக்சல் அளவு தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று பொருள். நுண்ணோக்கி நிலையத்தில் கேட்டுச் சரிசெய்யலாம். கடைசியில் மால்புராபிட்டி என்ற சரிபார்ப்பு மென்பொருளில் அணுக்கள் மோதுகின்றனவா, கோணங்கள் இயல்பாக இருக்கின்றனவா என்று சோதியுங்கள்.

எல்லாம் சரியென்றால் பொதுக் காப்பகங்களில் பதிவேற்றுங்கள்: வரைபடம் இ.எம்.டி.பி.யிலும், அணுமாதிரி பி.டி.பி.யிலும், மூலக் குறும்படங்கள் எம்பியாரிலும் சேர வேண்டும். பாதி வரைபடங்கள் இரண்டையும், நீங்கள் பயன்படுத்திய முகமூடியையும் (கணக்கில் சேரும் பகுதியை வரையறுக்கும் mask) சேர்த்தே பதிவேற்றுங்கள், அவை இருந்தால்தான் மற்றவர்கள் உங்கள் பிரிதிறனைச் சரிபார்க்க முடியும். திசு தந்தவரை அடையாளம் காட்டும் எந்த விவரமும் கோப்புப் பெயர்களில் கூட இல்லை என்பதைப் பதிவேற்றும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.